லிலிபாண்டும் ஒளித்து வைத்த சுரமும்

ஜாஸ் குழுவில் டிராம்போன் வாசிப்பவர் ஒரு சுரத்தை ஊதுகிறார். ஊதிக்கொண்டே குழலை நீட்டுகிறார். சத்தம் கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கேயோ ஓரிடத்தில் மூச்சை நிறுத்திவிடுகிறார். அது எந்தச் சுரத்தில் முடிந்தது என்று அவரைக் கேட்டால் சிரிப்பார். முடிந்த இடம் அவருக்கே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த வழுக்கல்தான் இசை. போய்ச் சேர்ந்த ஊர் முக்கியமில்லை.

இதையே லிலிபாண்டில் எழுத உட்காருகிறவர் முதல் வேலையாக ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. "கடைசியில் ஒரு சுரம் இருக்கிறது" என்று எழுத வேண்டும். எழுதிய கையோடு "அதை யாருக்கும் காட்டாதே" என்றும் எழுத வேண்டும். இசையில் இல்லாத சுரத்தைக் கோப்பில் பிறக்க வைத்து, தாளில் முக்காடு போட்டு மூடுகிற வேலை. தாளைப் பார்த்தால் கோடு அழகாகச் சாய்ந்து வெறும் வெளியில் முடிகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். கைதட்டலுக்கு முன்னால் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டாமா?

லிலிபாண்டை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. மேற்கத்திய இசைத்தாளை அச்சுக்குத் தயார் செய்யும் கட்டற்ற மென்பொருள் இது. ஹான்-வென் நியன்ஹாயஸ், யான் நியூவன்ஹாய்சன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் 1996-ல் தொடங்கினார்கள். இதில் சுட்டெலியைப் பிடித்துக்கொண்டு ஐந்து கோட்டின் மேல் சுரங்களை இழுத்து ஒட்டுகிற வேலை கிடையாது. லேட்டெக்ஸ் மாதிரி, எல்லாமே எழுத்து. சுரத்தின் பெயர், அதன் நீளம், அதன் மேல் என்ன குறி என்று வெறும் உரைக்கோப்பில் எழுதிக் கொடுத்தால் மென்பொருள் அதைப் படித்துத் தாளை வரைந்து தரும். எது எங்கே உட்கார வேண்டும், காம்பு மேலே போகுமா கீழே போகுமா, இரண்டு சுரத்துக்கு நடுவே எவ்வளவு இடம் என்பதெல்லாம் அதன் கவலை. எழுதுகிறவர் இசையைச் சொன்னால் போதும்.

"இசையைச் சொன்னால் போதும்." இதுதான் இந்த மென்பொருளின் மானமே. எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லாதே, என்ன என்று சொல் என்பதுதான் இதன் ஆதரவாளர்கள் சுட்டெலிக்காரர்களைப் பார்த்து ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் பெருமை. அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் கிளிசாண்டோ என்று வந்தவுடன் அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

கிளிசாண்டோ என்றால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் நிற்காமல் வழுக்கிப் போவது. கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' (1924) தொடங்கும்போது கிளாரினெட் ஊளையிட்டுக்கொண்டு மேலே ஏறுமே, அது. (அந்த இடத்தில் கெர்ஷ்வின் முதலில் எழுதியது தனித்தனிச் சுரங்களாக ஏறும் ஓட்டம். ஒத்திகையில் ராஸ் கோர்மன் என்ற கிளாரினெட்காரர் விளையாட்டாக அதை வழுக்கி வாசிக்க, கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்.) இப்படித் தொடக்கமும் முடிவும் தெரிந்த கிளிசாண்டோ லிலிபாண்டுக்கு வெல்லம். முதல் சுரத்தின் பின்னால் கிளிசாண்டோ என்று ஒரு கட்டளை, அடுத்து இரண்டாவது சுரம். கோடு தானாக விழும்.

சிக்கல் முடிவு இல்லாத வழுக்கலில் வருகிறது. கிளிசாண்டோ கட்டளை கோட்டின் மறுமுனைக்கு அடுத்த சுரத்தைத் தேடுகிறது. அடுத்த சுரம் இல்லை என்றால் கோடும் இல்லை. இதற்குக் கையேடு என்ன சொல்கிறது? 2.24 பதிப்பின் கையேட்டில், சமகால கிளிசாண்டோ என்ற தலைப்பில் ஒரு துண்டு நிரல் இருக்கிறது. விளக்கம் ஒரே ஒரு வாக்கியம். கடைசிச் சுரம் இல்லாத கிளிசாண்டோவை மறைத்த சுரத்தையும் காடென்ஸா நேரக்கணக்கையும் வைத்து அச்சிடலாம் என்பது அதன் சாரம். அதாவது ஹைட்நோட்ஸ் என்ற கட்டளையைப் போட்டு இரண்டு ஸ்தாயி கீழே ஒரு சுரத்தை எழுது. அந்தச் சுரம் அந்த பாரின் தாளக்கணக்கில் வரக் கூடாது என்பதற்காக காடென்ஸா கட்டளையைப் போட்டு எண்ணுவதை நிறுத்து. பிறகு எண்ணுவதைத் திரும்பத் தொடங்கு.

எண்ணிப் பாருங்கள், இரண்டு பொய். இங்கே ஒரு சுரம் இருக்கிறது என்பது ஒன்று. இங்கே தாளம் இல்லாத காடென்ஸா ஓடுகிறது என்பது இரண்டு. காடென்ஸா என்பது தனி வாசிப்பாளர் தாளக்கட்டை விட்டு இஷ்டத்துக்கு விளையாடும் பகுதி. ஒரு டிராம்போன்காரர் குழலை நீட்டியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"அட, தாளில் சரியாகத்தானே வருகிறது? கோப்பில் எது இருந்தால் என்ன?" இதுதான் எப்போதும் வரும் பதில். சரி, அவர்கள் வழிக்கே வந்து தாளையே பார்க்கலாம்.

ஒரு பாரில் பி சுரம் வருகிறது. அதிலிருந்து கீழே ஒரு வழுக்கல். கோடு எவ்வளவு சாய வேண்டும் என்று கண்ணால் பார்த்து, எழுதுகிறவர் ஒரு எஃப் ஷார்ப்பை மறைத்து வைக்கிறார். அதே பாரில், அதே ஸ்தாயியில், கொஞ்சம் தள்ளி ஒரு நிஜமான எஃப் ஷார்ப் வருகிறது. மேற்கத்திய முறையில் ஷார்ப் குறி ஒரு பாரில் ஒரு தடவை போட்டால் அந்த பார் முடியும்வரை செல்லும், திரும்பப் போடத் தேவையில்லை. லிலிபாண்டுக்கு இந்த விதி மனப்பாடம். மறைத்த சுரத்துக்கு ஏற்கெனவே ஷார்ப் போட்டாயிற்று என்று அது கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே நிஜச் சுரத்துக்கு ஷார்ப் போடாது. வாசிப்பவர் முன்னால் இருக்கும் தாளில் மறைத்த ஷார்ப் தெரியாது, நிஜ ஷார்ப் அச்சாகவே இல்லை. அவர் வெறும் எஃப் வாசிப்பார். அரை சுரம் தப்பு. மென்பொருள்மேல் குற்றமில்லை. அதனிடம் சுரம் இருக்கிறது என்று சொன்னார்கள், நம்பியது.

தாளில் சரியாக வந்தால் போதும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அந்த இடத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு ஷார்ப்பைக் கட்டாயமாக வரவழைக்கலாம் என்பார்கள். முடியும்தான். முதல் பொய்யை மூட மூன்றாவது ஒன்று. ஆனால் முதலில் அந்தத் தப்பு கண்ணில் பட வேண்டுமே. இருநூறு பார் உள்ள இசைத்தாளில் காணாமல்போன ஒரு ஷார்ப்பை யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள்? ஒத்திகையில் எங்கேயோ இடறும்போதுதான் தெரியும்.

இன்னொன்று ரிலேட்டிவ் முறை. லிலிபாண்டில் எழுதுபவர்களில் பலரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஸ்தாயியை முழுசாக எழுத வேண்டாம், முந்தைய சுரத்துக்கு எது பக்கமோ அந்த ஸ்தாயி என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தட்டச்சு மிச்சம். இப்போது இரண்டு ஸ்தாயி கீழே ஒரு மறைத்த சுரத்தைப் போட்டாயிற்று. அடுத்து வரும் நிஜச் சுரத்துக்கு முந்தையது எது? அந்த ஆவிச் சுரம்தான். ஆக, அடுத்த சுரத்தை இரண்டு ஸ்தாயி மேலே தூக்கி எழுத வேண்டும். எழுதினார், சரியாக வந்தது. ஆறு மாதம் கழித்து இசையமைப்பாளர் வந்து, "அந்த வழுக்கல் வேண்டாம், எடுத்துவிடு" என்கிறார். மறைத்த சுரத்தை அழித்தால், அதற்குப் பின்னால் வரும் பாட்டு முழுக்க இரண்டு ஸ்தாயி மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது! இசையில் இல்லாத ஒரு சுரத்தை எடுத்ததற்கு இசை முழுவதும் இடம் பெயர்கிறது. :-)

அந்தக் காடென்ஸா விவகாரத்தையும் விட்டுவிடக் கூடாது. காடென்ஸா கட்டளை பாரின் எண்ணிக்கையைத்தான் நிறுத்துகிறது. காலம் நகர்வதை நிறுத்துவதில்லை. மறைத்த சுரம் கால் பங்கு நீளம் என்றால் அந்தக் கால் பங்கு கடந்துதான் போகிறது. தனி வாத்தியத்துக்கு எழுதும்போது ஒன்றும் தெரியாது. கையேட்டின் எடுத்துக்காட்டும் ஒற்றை வரிசைதான், அதனால் அழகாக இருக்கிறது. இதை அப்படியே தூக்கி முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய கோப்பில் போட்டுப் பாருங்கள். டிராம்போன் ஒரு கால் பங்கு பின்னால் நிற்கும், மற்ற எல்லோரும் முன்னால் போயிருப்பார்கள். சரிக்கட்ட வேண்டுமானால் வயலின், செல்லோ, புல்லாங்குழல் என்று ஒவ்வொருவர் வரிசையிலும் அதே இடத்தில் ஒரு வெற்று இடத்தைச் செருக வேண்டும். ஒருவர் சொன்ன பொய்க்கு இருபது பேர் சாட்சி சொல்வது மாதிரி.

ஆஃப்டர்கிரேஸ் இருக்கிறதே என்று ஒரு கட்சி உண்டு. அது பிரதான சுரத்தின் வால்பக்கம் ஒட்டிக்கொள்ளும் அலங்காரச் சுரம், தாளக்கணக்கில் சேராது. உண்மை. காடென்ஸாவை விட இது எவ்வளவோ மேல். ஆனால் ஸ்தாயிச் சிக்கல் அப்படியே இருக்கிறது. மிடி கோப்பில் அந்தச் சுரம் ஒலிப்பதும் அப்படியே.

மிடியும் சின்ன விஷயமில்லை. லிலிபாண்ட் அதே கோப்பிலிருந்து ஒலிக்கோப்பும் செய்து தரும். எழுதியதைக் காதால் கேட்டுப் பிழை பார்ப்பதற்குப் பலருக்கும் அதுதான் வழி. அது கிளிசாண்டோவை வழுக்கிக் காட்டாது. மறைத்த சுரத்தை மட்டும் மறைக்காமல் வாசித்துவிடும். வழுக்கல் வர வேண்டிய இடத்தில் அடிவயிற்றிலிருந்து 'டொம்' என்று ஒரு சுரம். நாலு தடவை கேட்டதும் எழுதுகிறவருக்குப் பழகிவிடுகிறது. "அது கிளிசாண்டோவால் வருவது, விடு" என்று காது தானாகத் தள்ளிவிடுகிறது. ஐந்தாவது தடவை வருவது நிஜப் பிழையாக இருந்தாலும் தள்ளிவிடும். பிழை பார்க்கும் கருவியையே மழுங்கடித்த பிறகு எதை வைத்துப் பிழை பார்ப்பது?

மறைப்பது எல்லாமே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. அதே கையேட்டில் இன்னொரு எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு கிளிசாண்டோ திரும்பவரும் பகுதியின் முதல் முடிவுக்கும் போக வேண்டும், இரண்டாம் முடிவுக்கும் போக வேண்டும். இரண்டாம் முடிவின் தொடக்கத்தில் ஒரு மறைத்த அலங்காரச் சுரத்தைப் போட்டு அதிலிருந்து கோட்டை இழுக்கச் சொல்கிறார்கள். இதில் ஒரு குறையும் இல்லை. மறைத்த சுரம், வழுக்கல் தொடங்கிய அதே சுரம். வாசிப்பவர் அதை உண்மையாகவே வாசித்துவிட்டுத்தான் வருகிறார். தாளில் இடம் மாறியதால் ஒரு தடவை திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். இருக்கிற ஒன்றை மறைப்பது வேறு. இல்லாத ஒன்றைப் படைத்து அதை மறைப்பது வேறு. ஹைட்நோட்ஸ் என்ற ஒரே கட்டளையால் இரண்டும் நடப்பதால்தான் இந்த வித்தியாசம் யாருக்கும் உறைப்பதில்லை.

டெக்கில் ஃபேன்டம் என்ற கட்டளை ஆண்டாண்டு காலமாக இருக்கிறதே, அதுவும் தெரியாமல் இடம் பிடிப்பதுதானே என்று ஒரு வாதம் வரும். ஃபேன்டம் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டு வருகிறது. "நான் வெறும் இடம், என்னை யாரும் படிக்காதீர்கள்" என்கிறது. மறைத்த சுரமோ தன்னைச் சுரம் என்றே சொல்லிக்கொள்கிறது. ஷார்ப் கணக்கில் சேர்கிறது, ஸ்தாயிக் கணக்கில் சேர்கிறது, ஒலிக்கிறது, தாளில் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பது ஒன்றுதான் அதற்கும் மற்ற சுரங்களுக்கும் உள்ள வேறுபாடு.

கையால் எழுதியவர்கள் இந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளித்தார்கள்? பெண்டெரெட்ஸ்கி 1960-ல் 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய 'திரெனடி'யின் தொடக்கத்தில், உங்கள் வாத்தியத்தில் எவ்வளவு உயரம் போக முடியுமோ அந்தச் சுரம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அது ஆளுக்கு ஆள், வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். அவர் ஏதோ ஒரு உயரமான சுரத்தை எழுதிவிட்டுப் போகவில்லை. கறுப்பு முக்கோணம் ஒன்றைப் போட்டார். தெரியாத சுரத்துக்குத் தெரியாத சுரம் என்றே ஒரு குறி. இந்தப் பக்கம் வந்தால், சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளம் வகுத்தபோது, ஏற்ற ஜாருவுக்கு ஒரு சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு என்று வைத்தார். வழுக்கல் என்பது தனிப் பொருள், அதற்குத் தனிப் பெயரும் திசையும் உண்டு என்ற தெளிவு அதில் இருக்கிறது.

அந்தத் தெளிவு லிலிபாண்டுக்கும் இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பெண்ட்ஆஃப்டர் என்று ஒரு கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. சுரத்தின் பின்னால் அதைப் போட்டு ஒரு எண்ணைக் கொடுத்தால், கழித்தல் என்றால் கீழே, கூட்டல் என்றால் மேலே, எண் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு ஒரு வளைகோடு வரும். பொய்ச் சுரம் கிடையாது. காடென்ஸா கிடையாது. தொடங்கிய சுரத்துக்குச் சொந்தமான ஒரு வழுக்கல், இந்தத் திசை, இவ்வளவு தூரம். மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பரிமாற்ற வடிவத்திலும் இப்படி ஒற்றைச் சுரத்தோடு ஒட்டிய முடிவற்ற வழுக்கல்களுக்குத் தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பெண்ட்ஆஃப்டர் தருவது குட்டை வளைவு. இரண்டு பார் நீளத்துக்கு நேர்கோடாக இறங்க வேண்டும், நெளிகோடாக வேண்டும் என்றால் அது போதாது. ஆனால் எண்ணம் சரியானது. அந்த எண்ணத்தைக் கிளிசாண்டோவுக்கு நீட்டியிருக்க வேண்டும். அதை விட்டு, தந்திரத்தையே தீர்வாகக் கையேட்டில் ஏற்றிவிட்டார்கள்.

சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களைக் குறை சொல்லலாமா, வேண்டுமென்றால் நிரல் எழுதி அனுப்ப வேண்டியதுதானே என்ற கேள்வி நியாயமானது. நிரல் எழுத ஆட்கள் குறைவு, ஸ்கீமும் சி பிளஸ் பிளஸும் கலந்த அந்த உள்கட்டமைப்பைப் புரிந்துகொள்ளவே நாளாகும். கட்டளை நாளைக்கே வராததைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் கையேட்டில் ஒரு எச்சரிக்கை எழுத ஸ்கீம் தெரிய வேண்டியதில்லை. புதிதாக வரும் மாணவன் கையேட்டைத்தான் நம்புகிறான். அங்கே இருப்பதை வெட்டி ஒட்டுகிறான். அவன் கோப்பைப் பார்த்து இன்னொருவன் ஒட்டுகிறான்.

இதெல்லாம் இப்போது ஏன் பெரிய விஷயம்? ஃபினாலே என்ற பழைய பெரிய மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. முப்பது ஆண்டுக்கும் மேலாக அதில் எழுதிய இசை எத்தனை பேருடைய கணினியில் கிடக்கிறது! அந்த மென்பொருள் ஓடாத நாளில் அந்தக் கோப்புகளை எப்படித் திறப்பது என்ற பயம் பலருக்கும் வந்தது. அப்போது உரைக்கோப்புக்காரர்கள் மார்தட்டினார்கள். எங்கள் கோப்பைத் திறக்க லிலிபாண்டே தேவையில்லை, எந்தத் திருத்தியிலும் திறந்து படிக்கலாம், ஐம்பது ஆண்டு கழித்தும் படிக்கலாம் என்றார்கள். சரியான வாதம். அப்படியானால் ஐம்பது ஆண்டு கழித்துத் திறந்து படிப்பவருக்கு அந்த டிராம்போன் வரியில் என்ன கிடைக்கும்? வழுக்கலுக்குப் பின் இரண்டு ஸ்தாயி கீழே ஒரு சி. அதைச் சுற்றி ஒரு காடென்ஸா. ஹைட்நோட்ஸ் என்ற வார்த்தையைப் பார்த்து, இது இசையமைப்பாளர் எழுதிய சுரமா, வரைந்தவர் கோட்டுக்காக நட்ட முளையா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தாள் கிழிந்து போயிருக்கும். கோப்புதான் சாட்சி.

கட்டளை வரும்வரை எழுதுகிறவர்கள் பொய்யின் அளவையாவது குறைக்கலாம். வழி அதே கையேட்டில், வேறு ஒரு அத்தியாயத்தில் கிடக்கிறது. கிளிசாண்டோ கோட்டின் வலது முனை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல முடியும். பவுண்ட்-டீடெய்ல்ஸ் என்ற பண்பில் வலதுபக்கத்து ஒய் மதிப்பு, ஐந்து கோட்டின் நடுக்கோட்டிலிருந்து கணக்கு. ஆகவே இரண்டு ஸ்தாயி கீழே சுரம் நட வேண்டியதில்லை. தொடங்கிய அதே சுரத்தையே ஆஃப்டர்கிரேஸாக மறைத்து வைத்து, கோட்டின் முனையை மட்டும் கீழே இறக்கினால் போதும். அதே சுரம் என்பதால் ஷார்ப் கணக்கு கெடாது, ரிலேட்டிவ் கணக்கும் கெடாது. நாளைக்கு அதை அழித்தாலும் பாட்டு இடம் பெயராது. மிடியில் அதே சுரம் இன்னொரு தடவை லேசாகத் தட்டும். அதையும் டேக் போட்டு ஒலிக்கோப்பிலிருந்து விலக்கிவிடலாம்.

இந்த மொத்த வேலையையும் ஒரு சார்புக்குள் வைத்து அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், பிறகு கோப்பில் அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும். லிலிபாண்டில் ஆங்கிலம் அல்லாத எழுத்திலும் பெயர் வைக்கலாம். 'முடிவிலாச்சறுக்கல்' என்று தமிழிலேயே வைத்தாலும் அது முறைத்துப் பார்க்காது. என்றைக்காவது லிலிபாண்ட் தானே ஒரு நேர்மையான கட்டளையைத் தந்தால், கோப்பின் தலையில் உள்ள அந்த ஒரு சார்பை மாற்றினால் போதும். நடுவில் உள்ள எதையும் தொட வேண்டாம். இப்போது கையேட்டைப் பார்த்து ஒட்டியவர்கள், ஒவ்வொரு ஹைட்நோட்ஸாகத் தேடி, இது நிஜமா முளையா என்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.